டாக்கோ முள்ளு 7000-ல முட்டுது, ஆளு ஏறினா போட்டு எழும்பல்ல: கேஜா, புரொப்பல்லரா?

பொழிமுகம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க ஊரு நீரோடி பக்கம், தொழிலு பூவாறுல. டூரிஸ்டுகள ஏத்திட்டு நெய்யாத்துல கண்டல் காட்டுக்குள்ள போயி பொழி (ஆறு கடல்ல சேருத இடம்) வரைக்கும் காட்டிட்டு வாற சின்ன ஃபைபர் போட்டு ஒண்ணு செகண்ட் ஹேண்டுல எடுத்திருக்கேன். 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்கு பின்னால வெளிய மாட்டுத எஞ்சின்), ரெண்டு சிலிண்டர், பெட்ரோல்லதான் ஓடுது, மண்ணெண்ணெய் இல்ல.

பழைய ஓனரு டேஷ்போர்டுல நாலு கேஜு மாட்டி வச்சிருக்காரு, ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துதுன்னு காட்டுத டாக்கோ), வோல்ட், தண்ணி பிரஷரு, பெட்ரோலு. இதுக்கு முன்ன நான் ஓட்டினது அப்பாவுக்க வள்ளம்தான், அதுல கேஜுன்னு ஒரு சாமானும் கிடையாது, சத்தத்த வச்சு ஓட்டுவோம், பின்னால தண்ணி பீச்சுதான்னு திரும்பிப் பாப்போம், தீந்துது சோலி. இப்ப இந்த நாலு முள்ளும் ஆடுதத பாத்தா எதைப் பாக்கணும் எதை விடணும்னு மனசிலாவல்ல.

விஷயம் என்னன்னா, நானும் ஹெல்ப்பரும் மட்டும் போனா போட்டு நல்லா எழும்பி பறக்குது, ஃபுல் த்ராட்டில்ல முள்ளு 7000-ல போயி முட்டி நிக்குது, அதுக்கு மேல டயலே இல்ல. எட்டு பேரு ஏறியாச்சுன்னா முள்ளு 5800, 5900ன்னு காட்டும், ஆனா போட்டுக்க அணியம் (முன்பக்கம்) வானத்த பாத்துட்டே கிடக்கும், எழும்பாது, பின்னால பெரிய அலைய இழுத்துட்டே ஊருது, பெட்ரோல் குடிக்குத குடிய பாத்தா வயிறு எரியுது.

ஒரு மெக்கானிக் வந்து பாத்துட்டு எஞ்சின் ஓவரா சுத்துது, பெரிய பிட்ச் புரொப்பல்லர் போடணும் இல்லன்னா பிஸ்டன் போயிரும்னு சொல்லுதாரு. இன்னொருத்தரு அதெல்லாம் இல்ல கம்ப்ரஷன் போச்சு, எஞ்சினை இறக்கணுங்காரு. இப்ப மாட்டியிருக்கதுல 11-1/8 x 13-ஜி ன்னு அடிச்சிருக்கு, மூணு பிளேடு, அலுமினியம். இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? பெரிய பிட்ச்னா இதுல எந்த நம்பர் பெருசாவணும்? காசு போடுததுக்கு முன்ன தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

துறைமுகப்பட்டறை எழுதியது:

தம்பி, முதல்ல நம்பர். 11-1/8 ங்கிறது டயாமீட்டர், இஞ்சுல. புரொப்பல்லர் சுத்தும்போது பிளேடு நுனி போடுற வட்டத்தோட குறுக்களவு. 13 ங்கிறது பிட்ச், அதுவும் இஞ்சுதான், புரொப்பல்லர் ஒரு முழு சுத்து சுத்தினா கணக்குப்படி போட்டை 13 இஞ்ச் முன்னால தள்ளணும். கணக்குப்படிதான், தண்ணி கட்டி இல்லையே, வழுக்கும், அதனால நிஜத்துல அதைவிடக் குறைச்சலாத்தான் போகும், அந்த வித்தியாசத்தைத்தான் ஸ்லிப்னு சொல்றது. கடைசில இருக்க ஜி அந்தக் கம்பெனியோட சீரிஸ் எழுத்து, எந்த எஞ்சின் ஷாஃப்டுல உக்காரும்னு பாக்கிறதுக்கு, வேற எழுத்து போட்டத வாங்கிட்டு வந்தா மாட்டாது.

பிட்ச் கூடினா எஞ்சினுக்கு பாரம் கூடும், ஆர்பிஎம் இறங்கும். பிட்ச் குறைஞ்சா ஆர்பிஎம் ஏறும், ஆளு ஏறினாலும் சீக்கிரம் எழும்பும். ஒரு இஞ்ச் பிட்சுக்கு சுமாரா 150ல இருந்து 200 ஆர்பிஎம் மாறும்னு வச்சுக்கங்க. ஃபுல் லோடு ஏத்துன ஜீப்பை டாப் கியர்லயே பேச்சிப்பாறை ஏத்தப் பாத்தா எப்படி மூச்சு முட்டும், அதுதான் பெரிய பிட்ச் போட்டு ஆளை ஏத்துறது.

ஆனா நீங்க சொல்ற ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. ஆளு இல்லாம 7000 போகுதுன்னா பிட்ச் ரொம்பக் கம்மின்னு அர்த்தம், ஆளு ஏறினா எழும்பலன்னா பிட்ச் ரொம்ப ஜாஸ்தின்னு அர்த்தம். ஒரே புரொப்பல்லர் ரெண்டு குத்தமும் செய்யாது. எதையும் வாங்காதீங்க. மூணு விஷயம் சொல்லுங்க: நியூட்ரல்ல, எஞ்சின் நல்லா சூடான பிறகு ஐடிலிங்ல முள்ளு எங்க நிக்குது? ஆளோடயும் ஆளில்லாமயும் ஃபுல் த்ராட்டில்ல போன்ல ஜிபிஎஸ் ஸ்பீடு எவ்வளவு? மேனுவல்ல ஃபுல் த்ராட்டில் ரேஞ்சும் கியர் ரேஷியோவும் என்ன போட்டிருக்கு?

ஜிபிஎஸ் பாக்கும்போது ஒரே நீட்டுல போயிட்டு திரும்பியும் வந்து ரெண்டோட சராசரி எடுங்க, ஆத்து ஒழுக்கு இருக்கும்ல.

---

ஸ்பீடுபோட்_பிரியன் எழுதியது:

ப்ரோ இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாலு பிளேடு ஒண்ணு வாங்கி போடுங்க, பிடிப்பு வேற லெவல்ல இருக்கும், போட்டு டக்குனு எழும்பும், வளைவுல காத்து பிடிக்காது. அலுமினியம் எல்லாம் ஃபுல் த்ராட்டில்ல பிளேடு லேசா வளையும் அதுலயே பவர் போயிடும்.

---

துறைமுகப்பட்டறை எழுதியது:

@ஸ்பீடுபோட்_பிரியன் நீங்க சொல்றது பொய் இல்ல, நாலு பிளேடு பிடிப்பு ஜாஸ்திதான், ஆனா அதே பிட்ச்ல நாலு பிளேடு போட்டா ஆர்பிஎம் இன்னும் கொஞ்சம் இறங்கும், இவருக்கு அது வேணுமா வேண்டாமான்னே இன்னும் தெரியல. அதுவும் பூவாறுல, ஆழம் இல்லாத மணல், கண்டல் வேரு, முங்கிக் கிடக்கிற தென்னந்தடி. அலுமினியம் தட்டினா பிளேடு வளையும், நெளியும், பட்டறையில தட்டி நிமித்தலாம் இல்ல புதுசு போடலாம். ஸ்டெயின்லெஸ் அவ்வளவு லேசுல வளையாது, அடி பிளேடோட நிக்காம உள்ள போகும், கியருக்கும் ஷாஃப்டுக்கும். நடுவுல ரப்பர் ஹப் இருக்கு, கொஞ்சம் தாங்கும், எல்லாத்தையும் தாங்காது. கடல்ல ஆழத்துல ஓட்டுறவன் ஸ்டெயின்லெஸ் போடட்டும், ஆத்துல வேண்டாங்கிறது என் கட்சி.

---

பொழிமுகம் எழுதியது:

அண்ணே, சொன்ன மாதிரி பாத்தாச்சு. நியூட்ரல்ல சூடான பிறகு முள்ளு 1500. ஆளில்லாம ஃபுல் த்ராட்டில்ல ஜிபிஎஸ் 37 கிலோமீட்டர், எட்டு பேரோட 24. மேனுவல்ல ஃபுல் த்ராட்டில் 4500ல இருந்து 5500, ஐடிலிங் ஆயிரம் பக்கத்துல போட்டிருக்கு. கியர் 26க்கு 13ன்னு இருக்கு, அப்ப ரேஷியோ 2 தானே?

ஐடிலிங் கூட இருக்குன்னு கார்புரேட்டர்ல குறைச்சுப் பாத்தேன், 1300 ஆனதும் எஞ்சின் நின்னு போவுது. அதையும் சொல்லிட்டேன்.

---

கணக்கு_வாத்தி எழுதியது:

கார்புரேட்டர் ஸ்க்ரூவை உடனே பழைய இடத்துக்கே திருப்பி வச்சிருங்க. எஞ்சின்ல குத்தம் இல்ல, டாக்கோ பொய் சொல்லுது. கணக்கா காட்டறேன்.

எஞ்சின் ஆர்பிஎம்மை கியர் ரேஷியோவால வகுத்தா புரொப்பல்லர் எத்தனை சுத்துதுன்னு வரும். அதைப் பிட்ச் இஞ்சால பெருக்கி, 0.001524 ஆல பெருக்குனா (நிமிஷத்துக்கு இத்தனை இஞ்சுங்கிறதை மணிக்கு கிலோமீட்டரா மாத்துற எண்) வழுக்கலே இல்லாம போனா எத்தனை கிலோமீட்டர் வேகம்னு கிடைக்கும். 7000ல பாதி 3500, 13 ஆல பெருக்குனா 45500, வேகம் 69 கிலோமீட்டர். உங்க ஜிபிஎஸ் 37. அப்ப ஸ்லிப் 47 சதவீதம்! ஆளில்லாத லேசு போட்டு, நீங்களே பறக்குதுன்னு சொல்றீங்க, எழும்பி ஓடுற போட்டுக்கு 10, 15, கூடிப்போனா 20 சொச்சம் இருக்கும், பாதி வழுக்கிட்டே பறக்க முடியாது.

இதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, புரொப்பல்லர் நடுவுல இருக்க ரப்பர் ஹப் விட்டுப்போயி எஞ்சின் சுத்துது பிளேடு சுத்தல. இல்லன்னா டாக்கோ. இங்கதான் உங்க ஐடிலிங் ரீடிங் கை கொடுக்குது: நியூட்ரல்ல புரொப்பல்லருக்கு வேலையே இல்ல, அங்கயும் ஆயிரத்துக்கு 1500 காட்டுதுன்னா ஹப் மேல பழி போட முடியாது. சரியா ஒண்ணரை மடங்கு. நீங்க 1300க்கு இறக்கினப்ப நிஜத்துல 870 கிட்ட போயிருக்கும், நிக்காம என்ன செய்யும்.

ஒண்ணரை மடங்கு எப்படி வரும்? அவுட்போர்டு டாக்கோ சுத்தை நேரா எண்ணுறது இல்ல, ஃப்ளைவீல் அடியில இருக்க சார்ஜிங் காயில்ல இருந்து வர்ற பல்ஸை எண்ணுது. 12 போல் (காந்த முனை) காயில்னா ஒரு சுத்துக்கு 6 பல்ஸ், 8 போல்னா 4. ஒரே கேஜை எல்லா எஞ்சினுக்கும் விக்கிறதுக்காகப் பின்னால ஒரு சின்ன திருகு ஸ்விட்ச் வச்சிருப்பான், இது எத்தனை போல் எஞ்சின்னு அதுல சொல்லணும். உங்க எஞ்சின் 6 பல்ஸ் அனுப்புது, கேஜ் 4 தான் வரும்னு நினைச்சு எண்ணுது, ஆறு பை நாலு ஒண்ணரை. மேனுவல்ல போல் எண்ணிக்கை பாத்துட்டு ஸ்விட்சைத் திருப்புங்க. அதை அமுக்கித் திருப்புற மாதிரி இருக்கும், சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும், கேஜுக்குப் போற கரண்டை ஆஃப் பண்ணிட்டு செய்ங்க.

அப்புறம் சந்தேகம் தீர, ஸ்பார்க் பிளக் வயர்ல நாலு சுத்து சுத்தி வச்சா ஆர்பிஎம் காட்டுற குட்டி டாக்கோ கிடைக்குது, பெரிய விலை இல்ல. அதுலயும் ஒரு சுத்துக்கு எத்தனை ஸ்பார்க்னு செட் பண்ணணும், சில ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்ல ஒரே சுத்துல ரெண்டு தடவை ஸ்பார்க் விடும், அதைப் பாக்காம விட்டா இரட்டிப்பாக் காட்டி மறுபடியும் தலைவலி.

உங்க நிஜ நம்பர் என்ன தெரியுமா? ஆளில்லாம 4700, எட்டு பேரோட 3900. அதை வச்சுக் கணக்குப் போட்டா ஆளில்லாத ஸ்லிப் 20 சதவீதம், நியாயமா இருக்கு. ஆளோட 38, போட்டு எழும்பாம தண்ணிய உழுதுட்டுப் போகும்போது அப்படித்தான் இருக்கும். மேனுவல் கேக்குற கீழ்மட்டமே 4500, நீங்க 3900ல ஃபுல் த்ராட்டில் கொடுத்து அமுக்கிட்டு இருக்கீங்க. ஓவர் ஸ்பீடு இல்ல, மூச்சு முட்டுது. இந்த நிலைமையில பெரிய பிட்ச் போட்டிருந்தா எஞ்சின் இன்னும் இறங்கி, சிலிண்டர்ல சூடு ஏறி, கார்பன் கட்டி, ரிங் ஒட்டி, அப்ப நிஜமாவே பிஸ்டன் போயிருக்கும்.

---

குளச்சல்_கடக்கரை எழுதியது:

வாத்தி சொன்னது அப்படியே உள்ளதுதான் மக்கா. டாக்கோ சரியானாலும் ஹப்பை ஒருக்கா பாத்துக்கிடு, செகண்டுல எடுத்த சாமானம். புரொப்பல்லர் பின்பக்கம் நடுவுல பித்தளைக் குழலு தெரியும், அதுக்கு வெளிய ரப்பரு, அதுக்கு வெளிய அலுமினியம். பெயிண்டை எடுத்து குழல்ல இருந்து அலுமினியம் வரைக்கும் நேரா ஒரு கோடு போடு. நல்லா காயட்டும். ஆளை ஏத்திட்டு நல்லா த்ராட்டில் கொடுத்து ஓடிட்டு வந்து பாரு, கோடு நேரா இருந்தா ரப்பருக்கு ஒண்ணும் இல்ல. உடைஞ்சு ரெண்டு துண்டா விலகி நின்னா ரப்பர் சுத்துது. மாத்தியே ஆவணும், இல்லன்னா ஒருநாள் பொழி வாய்ல ஒழுக்கு இழுக்கும்போது எஞ்சின் கத்தும், போட்டு நவராது.

கோடு போடுததுக்கு கழட்டும்போது ஷாஃப்டையும் பாரு. நம்ம பக்கம் தங்கூசி (நைலான் மீன்பிடி நூலு) இல்லாத தண்ணி எங்க இருக்கு, அறுந்த வலைத்துண்டு போயி ஷாஃப்டுல சுத்தி ஆயில் சீலை அறுத்துரும், வெளிய ஒண்ணும் தெரியாது. கியர் ஆயில் கொஞ்சம் வடிச்சுப் பாரு, பால் கலந்த மாதிரி வெளுப்பா வந்தா தண்ணி ஏறியாச்சு.

அப்புறம் எஞ்சின் நிக்குத உயரம். புரொப்பல்லருக்கு மேல படுக்கையா ஒரு தகடு இருக்கும்லா, அது போட்டுக்க அடிமட்டத்துக்கு நேரா, இல்ல ஒரு இஞ்ச் கீழ நிக்கணும். ரொம்ப மேல நின்னா வளைவுல மேல இருந்து காத்தை இழுக்கும், சட்டுனு ஆர்பிஎம் ஏறி பிடிப்பு போவும். ரொம்ப கீழ நின்னா தண்ணிய இழுத்துட்டே போவும். 15 இஞ்ச் ஷார்ட் ஷாஃப்டா 20 இஞ்ச் லாங் ஷாஃப்டாங்கதுகூட பாக்காம போட்டு மாத்தி மாட்டி வச்ச ஆளுகள நான் பாத்திருக்கேன்.

டூரிஸ்டுகள ஒரே இடத்துல குவிய விடாத. போட்டோ எடுக்கணும்னு எட்டு பேரும் அணியத்துல போயி நின்னா பின்பக்கம் பொங்கும், புரொப்பல்லர் காத்து குடிக்கும். எல்லாரும் பின்னால உக்காந்தா எந்த புரொப்பல்லர் போட்டாலும் அணியம் இறங்காது. நடுவுல பரத்தி இருத்து. போர்ட் ஆபீஸ் பேப்பர்ல எத்தனை ஆளு போட்டிருக்கோ அதுதான் கணக்கு, புரொப்பல்லர் மாத்தினா ஆளு கூட ஏத்தலாம்னு எவனாவது சொன்னா கேக்காத. 2023 மே மாசம் தானூர்ல 22 பேரு செத்துது அளவுக்கு மேல ஆளு ஏத்தின டூரிஸ்ட் போட்டுலதான்.

---

பொழிமுகம் எழுதியது:

நம்ப முடியல்ல. கேஜை வெளிய இழுத்துப் பாத்தா பின்னால சின்ன ஸ்விட்ச், 8 போல்ல கிடக்குது, மேனுவல்ல 12. திருப்பி வச்சதும் ஐடிலிங் ஆயிரத்துல வந்து நின்னுது, ஆளில்லாம 4700, எட்டு பேரோட 3900, வாத்தி சொன்ன நம்பர் அப்படியே.

இங்க போட்டு ஓட்டுத கூட்டுக்காரன் ஒருத்தன்கிட்ட 11-5/8 x 11-ஜி கிடந்துது, பாத்துட்டு தாறேன்னு வாங்கி மாட்டினேன். ஆளில்லாம 5100, 36 கிலோமீட்டர். எட்டு பேரோட 4500, 28 கிலோமீட்டர், அணியம் முதல்ல தூக்கி அப்புறம் இறங்கி ஓடுது! ஹப்புக்க கோடும் நேரா இருக்கு. கியர் ஆயில் தெளிவு.

ரெண்டு சந்தேகம் கூட. 12ன்னு ஒண்ணும் இருக்காமே, அது எடுக்கவா, 11 எடுக்கவா? இன்னொண்ணு, கண்டல் காட்டுக்குள்ள பைய ஊரும்போது வோல்ட் முள்ளு 12க்கு கீழ இறங்குது, தண்ணி பிரஷர் முள்ளும் அடியில படுத்துருது. எழும்பி ஓடினா ரெண்டும் ஏறுது. பயப்படணுமா?

---

துறைமுகப்பட்டறை எழுதியது:

11 எடுங்க தம்பி. இந்த வரிசையில 11-3/8 x 12 னு ஒண்ணு நடுவுல இருக்கு, ஆனா உங்க தொழில் எப்பவும் ஆளோடதான், ஆளில்லாம பறக்குறதுக்கு யாரும் காசு தரப்போறது இல்ல. ஆளில்லாமயே 5100 தான் வருது, 5500ஐத் தாண்டல, அப்ப 11ல எஞ்சினுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. 12 போட்டா ஆளோட திரும்பவும் 4500க்குக் கீழ இறங்கிடும். 13ஐ விக்காதீங்க, மணல்ல தட்டி 11 நெளிஞ்சா கரை சேர ஸ்பேர் ஆகும். கூடவே ஒரு நட்டு, புது காட்டர் பின், சரியான ஸ்பேனர் எல்லாம் போட்டுலயே கிடக்கட்டும். மாத்தும்போது ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் தடவுங்க, உப்புத் தண்ணில கிரீஸ் இல்லாம மாட்டுனா அடுத்த தடவை கழட்ட வராது. கழட்டுறதுக்கு முன்ன பிளக் வயரைப் பிடுங்கிடுங்க, கை பிளேடு பக்கத்துல இருக்கும்.

தண்ணி பிரஷர், ஐடிலிங்ல படுக்கத்தான் செய்யும், பம்பு எஞ்சினோட சேந்து சுத்துறது, மெதுவா சுத்தினா பிரஷர் இருக்காது. அங்க நீங்க பழைய மாதிரியே பின்னால தண்ணி பீச்சுதான்னு பாருங்க. அந்த முள்ளு ஓடும்போதுதான் பேசும். இப்ப எல்லாம் நல்லா இருக்குல்ல, 4500ல ஓடும்போது முள்ளு எங்க நிக்குதோ அங்க கண்ணாடி மேல நெயில் பாலிஷால ஒரு புள்ளி வைங்க. அதே 4500ல முள்ளு அந்தப் புள்ளிக்குக் கீழ வந்தா எஞ்சினை நிறுத்துங்க, எஞ்சின் தண்ணி இழுக்குற வாயில பிளாஸ்டிக் கவரு ஆகாயத்தாமரை ஏதாவது அடைச்சிருக்கும், இல்ல மணல் தின்னு பம்புக்குள்ள ரப்பர் இம்பெல்லர் தேஞ்சிருக்கும். அந்த மணல்ல ஓடுற எஞ்சினுக்கு இம்பெல்லரை மேனுவல் சொல்ற தேதிக்கு முன்னாடியே மாத்திடணும்.

வோல்ட் கதை வேற. எஞ்சின் நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு 12.6 காட்டினா பேட்டரி நிறைஞ்சு இருக்கு, 12 காட்டினா கிட்டத்தட்ட காலி. ஓடும்போது 13.5ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும், 15ஐத் தாண்டினா சார்ஜிங் பக்கம் பாக்க வேண்டியது. சின்ன எஞ்சின்ல மெதுவா ஊரும்போது காயில்ல இருந்து வர்ற கரண்டு கொஞ்சம்தான். கண்டல் காட்டுக்குள்ள எஞ்சின் ஐடிலிங்ல இருக்கு, நீங்க ஸ்பீக்கர்ல பாட்டு போட்டிருக்கீங்க, சரிதானே? ஆம்ப்ளிஃபயர் குடிக்கிறது காயில் தர்றதைவிட ஜாஸ்தி, அதான் 12க்குக் கீழ. பாட்டுக்குத் தனி பேட்டரி வச்சிருங்க.

இன்னொரு விஷயம், டாக்கோவுக்கும் அதே காயில்லதான் சிக்னல்னு வாத்தி சொன்னாருல்ல. ஒருநாள் எஞ்சின் சத்தம் சீரா இருக்கும்போதே டாக்கோ முள்ளு மட்டும் துள்ளினாலோ செத்தாலோ டாக்கோவைக் குறை சொல்லாதீங்க, வோல்ட் முள்ளையும் பாருங்க, அதுவும் 12 சொச்சத்துல கிடந்தா ரெக்டிஃபயர் (காயில் கரண்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துறது) போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டாதீங்க, ரெக்டிஃபயர் சாகுறதுக்கு அதுவே போதும்.

பெட்ரோல் கேஜ் போட்டு மட்டமா நிக்கும்போது மட்டும் பாருங்க, அணியம் தூக்கினா டேங்குல எண்ணெய் பின்னால போயி கேஜ் வேற காட்டும்.

---

பொழிமுகம் எழுதியது:

பாட்டு போட்டிருக்கேன்தான், எப்படி மனசிலாச்சு உங்களுக்கு. பாட்டு இல்லன்னா டூரிஸ்டு பக்கத்து போட்டுல ஏறிருவான் அண்ணே, தனி பேட்டரிதான் வழி. 11 புரொப்பல்லர் விழிஞ்ஞத்துல கிட்டும்னு சொன்னாவ, எழுத்து ஜி தானான்னு பாத்துட்டு எடுக்கேன். கூட்டுக்காரனுக்கதை நாளைக்கே கழட்டிக் குடுக்கணும், அவன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்.